தரையில் வைத்த கோப்பை

அம்மான், ஏப்ரல் 3, 2001

அக்கா உம் ராகானுக்கு,

சலாம். முழங்கால் வலி எப்படி இருக்கு? இங்க பிள்ளைங்க எல்லாரும் சுகம். போன்ல பேசலாம்னா நீ கத்துற, நானும் கத்துறேன், கடைசியில யாரு முதல்ல வச்சதுன்னு அதுக்கு ஒரு தனிச் சண்டை. அதான் எழுதுறேன். பஸ்காரர் அபூ மாஜித் கையில குடுத்து விடுறேன், பதிலையும் அவர்கிட்டயே குடு.

நீ அனுப்புறேன்னு சொன்ன ஜமீத் உருண்டை மூட்டை இந்தத் தடவையும் வரல. விசாரிச்சா மேலத் தெருவுல சாவு, வந்தவங்களுக்கு மன்சஃப் சோறு ஆக்கணும்னு தூக்கிக் குடுத்துட்டேங்குற. போன மாசம் ஹஜ்ஜுக்குப் போய் வந்தவருக்கு விருந்து. அதுக்கு முன்னாடி ஒரு கல்யாணம். சாவு வீட்டுக்குக் குடுக்காதேன்னு நான் சொல்லல அக்கா, சொன்னா என் நாக்கு அழுகிடும். ஆனா ஓட்டல் சமையல்காரர் நேத்து கடை வாசல்ல நின்னுக்கிட்டு, அத்தனை பேருக்கு முன்னாடி, "உங்க ஊர்ல எல்லாரும் செத்து முடிச்சப்புறம் சொல்லியனுப்பு தம்பி, அப்ப வந்து வாங்கிக்கிறேன்"னு சொல்லிட்டுப் போறார். எனக்கு எங்க முகத்தை வச்சுக்கிறதுன்னு தெரியல.

இந்த சீசன்லயும் சொதப்பினா ஓட்டல்காரங்க வேற ஆளைப் பாத்துக்குவாங்க. அவங்க போனா கடை போச்சு. கடை போச்சுன்னா நீ மாடியில காய வைக்கிறதை யாருக்கு விக்கிறது?

அதனால ஒரு காரியம் பண்ணியிருக்கேன், கோவிச்சுக்காதே. சின்னத் தொழில் நடத்துறவங்களுக்கு யோசனை சொல்ற மையம் ஒண்ணு இங்க இருக்கு. அங்க லமீஸ்னு ஒரு கோச், நல்ல படிப்பு, நல்ல குணம். அடுத்த வியாழக்கிழமை உன்னைப் பாக்க வராங்க. எங்ககிட்ட ஒரு யோசனை இருக்கு, அதை அவங்க வாயாலேயே கேளு. நான் சொன்னா நீ கேக்க மாட்டே.

தயவுபண்ணி அவங்ககிட்ட கல்யாணம் ஆச்சான்னு மட்டும் கேக்காதே.

உன் தம்பி,
ஃபவ்வாஸ்


கரக், ஏப்ரல் 5

தம்பி ஃபவ்வாஸுக்கு,

முழங்கால் வலிக்குது. உன் கடுதாசியப் படிச்சப்புறம் தலையும் வலிக்குது.

கோச்சா? எனக்கா? கால்பந்து ஆடுறவனுக்குத்தானடா கோச்சு. நம்ம அம்மா கையைப் பிடிச்சு மோர் காய்ச்சக் கத்துக்கிட்டவ நான். துணியில கட்டித் தொங்க விட்டு, உப்புப் போட்டுப் பிசைஞ்சு, உருட்டி, நிழல்ல காய வச்சு, கல்லு மாதிரி வெள்ளை வெளேர்னு ஜமீத் எடுக்கிறேன். வெயில்ல வச்சு மஞ்சளாக்கி விக்கிறவனெல்லாம் அம்மான்ல நல்லாத்தான் இருக்கான், அவனுக்குப் போய்ச் சொல்லித் தரச் சொல்லு.

மேலத் தெருவுல செத்தது யாருன்னு உனக்குத் தெரியுமா? நம்ம அப்பா மய்யித்தைத் தூக்க முதல் தோள் குடுத்த மனுஷன். அவர் வீட்டு வாசல்ல வந்து நிக்கிறவங்களுக்குச் சோறு போட ஜமீத் கேட்டு வந்தா, "ஓட்டலுக்கு வச்சிருக்கேன்"னு சொல்லச் சொல்றியா? அந்த வார்த்தை என் வாயில வராது. வந்தா மறுநாள் நான் தெருவுல நடக்க முடியாது.

நீ சின்னதுல இருந்தே இப்படித்தான். எதையும் நேரா கேக்க மாட்டே. ரொட்டி வேணும்னாலும் என்னை அனுப்பித்தான் அம்மாகிட்ட கேப்பே. இப்ப அதுக்குச் சம்பளத்துக்கு ஆள் வச்சிருக்கே, அவ்வளவுதான் வித்தியாசம்.

வரட்டும். விருந்தாளின்னு வந்துட்டா அவ என் தலைமேல. காப்பி நானே வறுத்து, நானே இடிச்சு ஊத்துறேன். ஆனா அவ என் பானைக்குள்ள எட்டிப் பாத்தா கையில அகப்பை இருக்கும், சொல்லிட்டேன்.

ஜவாஹிர்


கரக், ஏப்ரல் 13

ஃபவ்வாஸ்,

நீ ஜெயிச்சுட்ட. நல்லா இரு.

இப்படி ஒரு வித்தைய அவளுக்கு நீ சொல்லிக் குடுத்திருப்பேன்னு நான் கனவுலயும் நினைக்கல. நடந்ததைச் சொல்றேன், உன் ஆளு உன்கிட்ட ஏதாவது சொல்லாம விட்டிருந்தா தெரிஞ்சுக்கோ.

வந்தா. நல்ல பொண்ணுதான். செருப்பை வாசல்லயே விட்டா, என்கூட ஜமீத் உருட்டுறாளே தமாம், கூடத்து மூலையில படுத்திருக்கிற அவ அம்மாவுக்குக் காது கேக்காதுன்னு தெரிஞ்சதும் பக்கத்துல போய் உக்காந்து பேசினா. அம்மான்ல இருந்து ஆள் வந்திருக்குன்னு நம்ம ஊர்ப் பெரியவர் முத்லக் ஹாஜியும் இன்னும் ரெண்டு பேரும் எட்டிப் பாக்க வந்துட்டாங்க. கூடத்துல தமாமும் மத்தப் பொண்ணுங்களும் உருட்டிக்கிட்டிருக்காங்க. நான் கெண்டிய எடுத்து முதல் கோப்பைய அவகிட்ட குடுத்தேன். வாங்கினா. சிரிச்சா. குடிக்காம மெதுவா தனக்கு முன்னாடி தரையில வச்சா.

ஹாஜி தொண்டையைக் கனைச்சார். "உம் ராகான், விருந்தாளி கோப்பையைக் கீழ வச்சிருக்கா"ன்னார், என்னமோ எனக்குக் கண்ணு தெரியாத மாதிரி. ஒரு வீட்டுக்கு வந்து காப்பிய குடிக்காம கீழ வச்சா அதுக்கு என்ன அர்த்தம்னு பச்சைப் புள்ளைக்கும் தெரியும். ஏதோ பெருசா கேக்க வந்திருக்கா, அது கிடைக்காம வாய் நனைக்க மாட்டா. எனக்கு ஒரு நிமிஷம், என் மகன் ராகானைத்தான் கேக்க வந்திருக்காளோ, காலம் கெட்டுப்போய்ப் பொண்ணே நேர்ல வந்து பேசுதோன்னு கூடத் தோணுச்சு.

என்னன்னு கேட்டுட்டுக் குடுக்கிறது கஞ்சன் வேலைன்னு நம்ம அப்பா சொல்லுவார். நான் அவர் மக. "குடி மகளே, நீ எதுக்கு வந்தியோ அது உனக்குக் கிடைச்சாச்சு"ன்னு சொல்லிட்டேன். ஹாஜி உடனே, "நாங்க சாட்சி"ன்னார்.

அவ முகம் மலர்ந்துபோச்சு. "நிஜமாவா? உங்க தம்பி நீங்க ஒத்துக்கவே மாட்டீங்கன்னாரே!"ன்னு பையில இருந்து பேப்பரை எடுத்துப் படிக்க ஆரம்பிச்சா. மோர் காய்ச்சுற கொப்பரை எல்லாத்தையும் அம்மான் பக்கம் சஹாபுக்குக் கொண்டு போறதாம். அங்க ஒரு கொட்டகை, காய வைக்க மிஷின். இங்க பாலை மட்டும் வாங்கி வண்டியில ஏத்துறதாம். நான் அப்பப்ப வந்து மேற்பார்வை பாக்கலாமாம். என் கொப்பரைய எடுத்துட்டு எனக்கே மேற்பார்வையாடா?

தமாம் கையில உருண்டை அப்படியே நின்னுபோச்சு. அவளுக்கும் அந்தக் காது கேக்காத கெழவிக்கும் இந்தக் கூடத்தை விட்டா வேற என்ன இருக்கு? எல்லாரும் என்னைத்தான் பாத்தாங்க. நான் என்ன பண்ணுவேன்? எச்சிலைத் துப்பிட்டு நக்க முடியுமா? "சரி"ன்னேன்.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, கேட்டது கிடைச்சப்புறமும் அவ அந்தக் காப்பியக் குடிக்கல. அது அங்கேயே ஆறிப்போய்க் கிடந்துச்சு.

மாசக் கடைசியில கொப்பரைய வந்து எடுத்துக்கோ.

ஜவாஹிர்


அம்மான், ஏப்ரல் 16

அக்கா,

அல்லாஹ் மேல ஆணை, நம்ம அம்மா கபர் மேல ஆணை, எனக்கு எதுவும் தெரியாது. அவங்க திரும்பி வந்து, "உங்க அக்கா மாதிரி தெளிவான மனுஷியப் பாத்ததே இல்ல, ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க"ன்னு சொன்னப்ப நானே நம்பல. உன் கடுதாசி வந்தப்புறம்தான் விளங்குச்சு. அவங்களுக்கு வயித்துல புண்ணு இருக்கு. டாக்டர் காப்பி தொடக் கூடாதுன்னுட்டாராம். வேண்டாம்னு சொன்னா நீ வருத்தப்படுவேன்னு வாங்கி ஓரமா வச்சிருக்காங்க. அவ்வளவுதான் சங்கதி. அவங்க வித்தையும் இல்ல, என் வித்தையும் இல்ல.

அவங்ககிட்ட இதை இன்னும் நான் சொல்லல. எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

ஒண்ணு மட்டும் யோசிச்சுப் பாரு அக்கா. இப்படிக் கேக்கணும்னு நான் நினைக்கல. ஆனா நேரா கேட்டிருந்தா நீ அகப்பைய எடுத்திருப்பே. நானும் வருஷக்கணக்கா இதைச் சொல்ல முடியாம தொண்டையில வச்சுக்கிட்டுத் திரியிறேன். இப்ப எப்படியோ வாய்ல இருந்து வந்துடுச்சு, நாலு பேர் கேட்டுட்டாங்க. ஒருவேளை விதி இதுவாத்தான் இருக்குமோ என்னமோ. ஓட்டல்காரங்ககிட்டயும் பேச்சு வாக்குல சொல்லிட்டேன். அவங்களுக்கு ரொம்ப சந்தோஷம்.

தமாமுக்கு சஹாப்ல வேலை போட்டுத் தரலாம். பஸ் இருக்கு.

முப்பதாம் தேதி லாரி கிடைக்கும்போல. அனுப்பட்டுமா? நீ வேண்டாம்னா அனுப்பல. நீ சொல்லு.

ஃபவ்வாஸ்


கரக், ஏப்ரல் 19

மதிப்புக்குரிய ஃபவ்வாஸ் அவர்களுக்கு,

லாரி அனுப்பவும். கொப்பரைகள் கழுவித் தயாராக இருக்கும்.

"நீ வேண்டாம்னா அனுப்பல"ன்னு எழுதுறியே, உனக்கு வெக்கமா இல்ல? குடுத்த வார்த்தைய நானே மீறி, ஊர் முன்னாடி நான் அசிங்கப்பட்டு, அதுக்கப்புறம் நீ நல்ல பிள்ளையா லாரிய நிறுத்துவியோ? அந்தப் பொண்ணுக்கு வயித்துலதான் புண்ணு. உனக்கு எங்கன்னு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

தமாமுக்குப் பஸ் இருக்காம். படுக்கையில கிடக்கிற தாயைத் தோள்ல தூக்கிட்டுப் பஸ் ஏறுவாளா?

இதுக்குப் பதில் எழுத வேண்டாம்.

உம் ராகான்


அம்மான், ஏப்ரல் 24

அக்கா,

எழுத வேண்டாம்னே. ஆனாலும் எழுதுறேன்.

மிஸ் லமீஸ்கிட்ட சொல்லிட்டேன். கோப்பை, ஹாஜி, சாட்சி எல்லாம். கேக்கக் கேக்க அந்தம்மா முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போச்சு. "ஐயோ, கல்யாணம் பேசப் போறப்ப ஆம்பளைங்க பண்றதை நானும் பாத்திருக்கேனே! மோர் உருட்டுற எடத்துல போயி என் கோப்பைய யாரு கவனிக்கப் போறாங்கன்னு விட்டுட்டேன்"னு தலையில அடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் என்னைப் பாத்து, "இது தெரிஞ்சும் நீங்க லாரி பேசினீங்களா?"ன்னு ஒரே ஒரு கேள்வி.

"எதுக்குன்னே தெரியாம சொன்ன சரிய வச்சு நான் யாருக்கும் தொழில் நடத்திக் குடுத்ததில்ல. எனக்கு இந்த வேலை வேண்டாம்"னு ஃபைலை என் மேஜையிலயே வச்சுட்டு எழுந்துட்டாங்க. எனக்கும் கோவம் வந்துடுச்சு. "உங்களைக் கூப்பிட்டது என் கடையக் காப்பாத்த, எனக்குப் புத்தி சொல்ல இல்ல"ன்னேன். அந்தம்மா வாசல்ல நின்னு திரும்பி, "உங்க அக்காவுக்கு யாருக்கும் இல்லைன்னு சொல்ல வராது. உங்களுக்கு யார்கிட்டயும் நேரா கேக்க வராது. ஜமீத்தை எங்க காய வச்சா என்ன, இந்த ரெண்டும் மாறாம கடை தேறாது"ன்னு சொல்லிட்டுப் போய்ட்டாங்க.

ரெண்டு நாள் அவங்களைத் திட்டிக்கிட்டே திரிஞ்சேன். அப்புறம் திட்ட முடியல. நான் ரொட்டி கேக்க உன்னை அனுப்பினதை நீ எழுதியிருந்தியே, அது மண்டைக்குள்ளயே சுத்துது.

லாரி வேண்டாம்னு சொல்லிட்டேன். உன் வார்த்தைய உன்கிட்டயே திருப்பிக் குடுக்கிறேன். இந்தக் கடுதாசியே அதுக்குச் சாட்சின்னு வச்சுக்கோ. ஓட்டல்காரங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. கடை இருக்குமான்னும் தெரியல. பயமா இருக்கு அக்கா, நிஜமாவே.

ஃபவ்வாஸ்


கரக், ஏப்ரல் 28

தம்பி,

வார்த்தைய பஸ்ல பார்சல் போட்டுத் திருப்பி அனுப்ப முடியுமாடா? நாலு பேர் முன்னாடி போனது நாலு பேர் முன்னாடிதான் வரணும். தினமும் முத்லக் ஹாஜி வாசல்ல போறப்ப, "கொப்பரை எப்ப கெளம்புது உம் ராகான்?"னு கேக்குறார். நான் உன் கடுதாசிய அவர் மூக்குக்கு நேரா நீட்டவா?

ஆனா நீ எழுதினது நல்லதுக்குத்தான். படிச்சுட்டு அழுதேன், அதை ஏன் மறைக்கணும்.

இன்னொண்ணு நடந்தது. வியாழக்கிழமை மத்தியானம் அந்தப் பொண்ணு தானா பஸ் பிடிச்சு வந்து இறங்கிட்டா. நீ அனுப்பினியோன்னு முதல்ல மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டேன். "எனக்கும் அவருக்கும் இப்ப ஒண்ணும் இல்ல உம் ராகான், நான் என் காப்பியக் குடிக்க வந்தேன்"ங்கிறா. ஹாஜியக் கூப்பிட்டனுப்பச் சொன்னதும் அவதான். "வேண்டாம் மகளே, உன் வயிறு"ன்னேன். கேக்கல. ஒரே மடக்குல குடிச்சா. குடிச்சுட்டுக் கோப்பைய நீட்டினா.

ஆட்டி நீட்டினாத்தானே போதும்னு அர்த்தம். அவ சும்மா நீட்டினா, தமாம் மறுபடி ஊத்திட்டா. பாவம், மரியாதைக்கு அதையும் குடிச்சா. மறுபடி நீட்டினா, மறுபடி ஊத்தினா. கண்ணுல தண்ணி வந்துடுச்சு அவளுக்கு. அப்புறம் ஹாஜிதான் பொறுக்க முடியாம, "கோப்பைய ஆட்டு மகளே, இல்லேன்னா இவங்க உன்னைக் கொன்னுடுவாங்க"ன்னார். கூடமே சிரிச்சுது. நானும் இத்தனை நாளைக்கப்புறம் வயிறு குலுங்கச் சிரிச்சேன். உடனே பால் காய்ச்சிக் குடுத்து என் படுக்கையில படுக்க வச்சேன்.

படுத்துக்கிட்டே, "நான் கேட்டது எதுவும் எனக்கு வேண்டாம், நான் விட்டுட்டேன்"னா. ஹாஜி முடியாதுன்னு தலைய ஆட்டிட்டார். "நீ விட்டாப் போதாது. நீ வந்தது ஃபவ்வாஸ் பேருல. அவன் வாயால விடணும்"னார். அந்தாளு சொல்றதும் சரிதான்.

எல்லாரும் போனப்புறம் அவ என்னைக் கேட்டா, "இந்தத் தொழில் எப்படி இருக்கணும்னு நீங்க ஆசைப்படுறீங்க?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. என்னை யாருமே அதைக் கேட்டதில்ல. நீயும் கேட்டதில்ல, போய்ச் சேந்த என் புருஷனும் கேட்டதில்ல.

அப்புறம் வாய் தானா பேசுச்சு. சாவு வீட்டுக்குக் குடுக்காம என்னால இருக்க முடியாது. கடைக்கு அனுப்பாமலும் இருக்கக் கூடாது. ரெண்டும் ஒரே குவியல்ல கிடக்கிறதாலதானே கை அதுல போகுது? உருட்டுறப்பவே ஊருக்குன்னு ஒரு பங்கை எடுத்து வேற அறையில வச்சுட்டா? அது தீந்தா தீந்ததுதான். கடை மூட்டைய அன்னிக்கே தச்சு உன் பேரை எழுதிட்டா? நான் முடிச்சதும் அவ, "அப்படியே பண்ணுங்க"ன்னா, அவ்வளவுதான். இதுக்கா படிக்கணும்? ஆனா அவ கேக்காம நான் இதை யோசிச்சிருக்க மாட்டேன், அதுவும் நிஜம்.

நீ என்ன பண்ணப் போறேன்னு நீதான் சொல்லணும்.

ஜவாஹிர்


அம்மான், மே 1

அக்கா,

வெள்ளிக்கிழமை வரேன். தனியா இல்ல. மாமா வீட்டு ஆளுங்க, கடைத்தெருப் பெரியவங்கன்னு ஒரு கூட்டமாவே வரேன். முறைப்படி உன் கூடத்துல உக்காருவேன். நீ காப்பி குடுப்பே. நான் கீழ வைப்பேன். என்ன கேப்பேன்னு உனக்கே தெரியும். குடுத்த வார்த்தைய நீ திரும்ப வாங்கிக்கணும், கொப்பரை அது இருக்கிற எடத்துலயே இருக்கணும், என்னை மன்னிக்கணும். நீ "குடி"ன்னு சொல்ற வரைக்கும் வாய் நனைக்க மாட்டேன்.

ஊரே பாக்கட்டும். நான் பண்ணினதுக்கு அதுதான் சரி.

ஓட்டல்காரங்ககிட்ட இன்னும் ஒரு தடவை பொறுக்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கேன். ஒரே ஒரு தடவைதான்னுட்டாங்க. அந்த மூட்டை இருக்கா அக்கா?

ஃபவ்வாஸ்


கரக், மே 2

ஃபவ்வாஸு,

ஊர்வலமா வராதே. கல்யாணமா நடக்குது? அவ்வளவு பேருக்கும் ஆடு அடிக்கிறது யாரு?

வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் தனியா வா. பள்ளிவாசல் வாசல்லயே முத்லக் ஹாஜிகிட்ட, "என் அக்கா வார்த்தைய நான் விட்டுட்டேன்"னு நாலு பேர் காதுல விழுற மாதிரி சொல்லு. அதோட அந்தக் கணக்கு தீந்தது. அப்புறம் வீட்டுக்குள்ள வா.

மூட்டைய கேட்டியே. நேத்து விடியக்காலம் தமாமோட அம்மா போய்ச் சேந்துட்டா. இன்னா லில்லாஹி. தமாம் மூணு மாசத்துக் குழந்தை மாதிரி அழுதா. ஊருக்குன்னு எடுத்து வச்ச பங்கை அப்படியே தூக்கிக் குடுத்தேன். சாயங்காலமே தீந்துபோச்சு, கூட்டம் இன்னும் வந்துக்கிட்டே இருக்கு. ஹாஜி வீட்டு ஆளுங்க வந்து, உன் பேரு எழுதின மூட்டையப் பாத்துக்கிட்டே, "இன்னும் ரெண்டு கை எடுத்தா என்ன உம் ராகான், நம்ம தமாமாச்சே"ன்னாங்க.

நம்ம தமாம்தான். என் கூடத்துல என் கூடவே வயசானவ. "இல்ல"ன்னு சொன்னேன். என் வாய்தான் சொல்லுச்சு, நானே கேட்டேன். "இது வேற ஒருத்தருக்குச் சொன்னது. வேணும்னா என் வீட்டு ஆட்டைப் பிடிச்சுட்டுப் போங்க"ன்னேன். ஒரு மாதிரியாப் பாத்தாங்க. ஆட்டைப் பிடிச்சுட்டுப் போனாங்க. வானம் ஒண்ணும் இடிஞ்சு விழல. தமாமே மூக்கைச் சிந்திக்கிட்டே வந்து, மூட்டை வாயை இன்னொரு தையல் போட்டு இறுக்கிட்டுப் போனா. நாளைக்கு அபூ மாஜித் பஸ்ல அது வருது, எண்ணி இறக்கிக்கோ.

நீ வந்தா காப்பி குடுப்பேன். கோப்பையைக் கீழ வச்சே, கைய உடைச்சுடுவேன். என் தம்பி என் வீட்டுல காப்பிய அடகு வச்சு எதுவும் கேக்க வேண்டாம். சூடா இருக்கிறப்பவே குடி, குடிச்சு முடிச்சு கோப்பைய ஆட்டிக் குடு. அப்புறம் சஹாப் வேணுமா, மிஷின் வேணுமா, உன் மனசுல என்ன இருக்கோ அதை நேரா என் முகத்தைப் பாத்துக் கேளு.

நான் இல்லைன்னு சொல்லுவேன். இப்ப எனக்கு அது வருது. அதுக்குத் துணிஞ்சு வா.

அக்கா ஜவாஹிர்